நாளேடு காத்தல்

ஏட்டுச் சுவடிகளைப் பற்றிச் சிறிது அறிந்தோரும் ஆடிப் பதினெட்டாம் பெருக்கைக் கேள்விப்பட்டிருப்பர். பனையோலை நெடுங்காலம் நிற்பதொன்றன்று. செல்லும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையிற் படி எழுதிக்கொண்டு, சிதைந்த பழையதனை அந்நாளில் ஆற்றில் விடுவது வழக்கமாயிருந்தது. எழுதுதல் முன்னும் விடுதல் பின்னுமாக நடந்தவரையில் நூல்கள் பிழைத்தன. எழுதுவோர் குறைந்த பின்னரும் விடுவோர் குறையவில்லை; அவ்விடத்தே நூல்கள் மறைந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்து நெருப்பிலிடப்பட்டன என்று கேட்டு மனம் நொந்த செய்தியை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கின்றார். அச்சுவடிகளுள் எவையெவை வேறிடத்திற் படியாகியிருந்தன என்பதை எரித்தவர் எவரும் வினவியிலர்.

இவ்வளவும் ஒரு கணினியைப் பற்றிய கட்டுரைக்கு முகவுரையாவது எங்ஙனம் என்று அன்பர்கள் வினவலாம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எமக்குக் கணினி நூலில் யாதோர் உரிமையும் இல்லை. ஆயினும் கடந்த ஆண்டில் வெள்ளிமலையில் யாம் பட்ட பாடு, இவ்வேட்டு வினாவையே புதிய உருவில் எம்முன் கொணர்ந்து நிறுத்தியது. எந்தப் பழைய ஏட்டை எப்பொழுது விடலாம்? படி எழுதுவோன் எதுவரை எழுதினான் என்பதை விடுவோன் எவ்வாறு அறிவான்? எழுதுவோன் வாராது நின்றுவிடின், பழைய ஏடுகளை எத்துணை நாள் வீட்டில் அடுக்கி வைத்திருப்பது? போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை ஆள்வோர் நாடோறும் எதிர்ப்படும் இடர்களுள் ஒன்று இதுவே. இப்பக்கங்களைப் படிப்போருள் பல்வேறு அலுவலகங்களிற் கணினி காக்கும் பழைய மாணவர் பலர் இருப்பராதலின், யாம் கற்றதனைக் கற்றவாறே எழுதத் துணிந்தோம்.

வெள்ளிமலை கல்வராயன் மலைமேல் உள்ளது. கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதை ஏறிச் செல்லல் வேண்டும். 2019-ஆம் ஆண்டிற் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னர் அம்மலைக்கும் தனி வட்டம் ஏற்பட்டது. அங்கு வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்வர், மலையை ஆள்வதால் மலையாளிகளேயன்றி மலையாள மொழி பேசுவோர் அல்லர், பேசுவது தமிழே. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைக்கும் அவர்தம் வாயில், உழவைப் பற்றியும் மழையைப் பற்றியும் வழங்குஞ் சொற்களைத் தொகுக்க வேண்டும் என்பது எம் ஆசிரியரின் நெடுநாள் விருப்பம். ஆண்டுதோறும் முதியோர் சிலர் மறைகின்றனர். அவரோடு சொற்களும் மறைகின்றன. அதனால் இருமுறை விடுமுறைகளில் மலைக்குச் சென்று தங்கினோம்.

சொற்களைத் தாளில் எழுதிப் பின்னர்க் கணினியில் ஏற்றுவதினும் அங்கேயே ஏற்றுதல் நன்றென்று, தங்கிய வீட்டில் ஒரு சிறு கணினியை வைத்தோம். அதன்கண் போஸ்ட்கிரெஸ் இயங்கியது. அக்கணினி பழுதுறின் அனைத்தும் போய்விடுமாதலின், கல்லூரியில் மற்றொரு கணினியை அதன் படியாக அமைத்தோம். முன்னதனை முதற்கணினி என்றும் பின்னதனைப் படிக்கணினி என்றும் ஈண்டு வழங்குவோம்.

இனி, படி எவ்வாறு ஆகின்றது என்பதைச் சொல்லவேண்டும். வணிகர் கணக்கெழுதும் முறையை அறிந்தோர்க்கு இஃது எளிது. கடையில் நிகழும் கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றும் நிகழ்ந்த வரிசையில் முதற்கண் நாளேட்டிற் பதிவாகும். பின்னர் ஓய்ந்த வேளையில் ஆள்வாரியாகப் பேரேட்டிற் பெயர்த்தெழுதப்படும். இடையில் விளக்கு அணைந்து பேரேடு பாதியில் நின்றாலும் நாளேடு இருக்கும்வரை கணக்குக் கெடாது. விட்ட இடத்திலிருந்து பெயர்த்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு நாளேட்டில் எழுதி, அது வட்டில் உறைந்த பின்னரே 'ஏற்றோம்' என்று விடை கூறும். பேரேட்டைச் சாவகாசமாகத் திருத்தும். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த 7.1-ஆம் பதிப்பு முதல் இம்முறை உண்டு. இந்நாளேட்டிற்கு ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டி 'வால்' என்று பெயர். எவர் வைத்த பெயரோ அறியோம். எமக்கு நேர்ந்தது முழுதும் வால் நீண்டதனால் வந்த வினையாதலின், தமிழிலும் அப்பெயர் பொருந்துவதே.

நாளேடு ஒரே நீளச் சுருளாக இராது, பதினாறு மெகாபைட் அளவுள்ள கட்டுக்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். பேரேட்டிற் பெயர்த்தெழுதி முடித்த நிலையைச் செக்பாயின்ட் என்பர். ஒரு செக்பாயின்ட் முடிந்ததும் அதற்கு முற்பட்ட கட்டுக்கள் முதற்கணினியின் உயிர் மீட்புக்கு வேண்டாதனவாகின்றன. ஆதலின் அவற்றை அது அழித்துவிடும், அல்லது பெயர் மாற்றிப் புதிய கட்டாகப் பயன்கொள்ளும்.

படிக்கணினியோ இந்நாளேட்டைக் கொண்டே வாழ்வது. தொடக்கத்தில் ஒருமுறை பேரேடு முழுதையும் பெயர்த்தெடுத்துக்கொள்ளும். அதன்பின் முதற்கணினி எழுதும் நாளேட்டு வரிகளை எழுத எழுதக் கம்பி வழியே வாங்கித் தன் பேரேட்டிலும் அதே மாற்றங்களைச் செய்துகொண்டேயிருக்கும். 2010-ஆம் ஆண்டில் 9.0-ஆம் பதிப்போடு வந்த வசதி இது. கம்பி அறாதிருக்கும்வரை இரண்டு கணினியும் ஒன்றுபோலவே இருக்கும். அறுமாயின் வினா எழுகின்றது. படிக்கணினி திரும்பி வந்து, 'இன்ன வரியினின்று கொடு' என்று கேட்குங்கால், அவ்வரி இருந்த கட்டு முதற்கணினியிடம் இன்னும் இருக்கின்றதா?

எம் முதல் இடர் ஐப்பசியில் நேர்ந்தது. இரண்டு நாள் அடைமழை. காற்றில் மரக்கிளைகள் முறிந்தன. மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இருந்த இணைப்பு அறுந்தது. யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. இணைப்பு மீண்டதும் படிக்கணினி தானே தொடரும் என்று எண்ணியிருந்தோம். மூன்றாம் நாள் கல்லூரியினின்று தோழர் ஒருவர், படிக்கணினியின் செய்திக் குறிப்பில் ஒரே வரி மீண்டும் மீண்டும் வருகின்றது என்று தெரிவித்தார். கேட்கப்பட்ட நாளேட்டுக் கட்டு ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்பது அதன் பொருள். ஐந்து நொடிக்கொருமுறை அது கேட்பதும், இல்லையென்று முதற்கணினி மறுப்பதுமாக ஓர் இரவு முழுதும் கழிந்திருக்கின்றது.

ஆராய்ந்தபோது காரணம் வெளிப்படையாயிருந்தது. செக்பாயின்ட் கடந்த கட்டுக்களையும் படிக்கணினியின் பொருட்டு இவ்வளவு வைத்திரு என்று முதற்கணினிக்குச் சொல்ல 'வால் கீப் சைஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. முற்காலத்திற் கட்டுக்களின் எண்ணிக்கையாக இருந்த அதனை, 2020-ஆம் ஆண்டின் 13-ஆம் பதிப்பு முதல் அளவாகச் சொல்கின்றனர். ஒன்றும் சொல்லாவிடில் அதன் மதிப்புச் சுழி. யாம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. படியெடுப்பவன் வருவதற்குள் ஏட்டை ஆற்றில் விட்ட கதைதான்.

இந்நிலையில் நாளேட்டைத் தேடிப் பயனில்லை. தனியே ஓரிடத்தில் நாளேட்டுக் கட்டுக்களைச் சேமித்து வைக்கும் ஆவண முறை இருந்திருப்பின், படிக்கணினி அங்குச் சென்று விடுபட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கும். எம்மிடம் அதுவும் இல்லை. ஆதலின் எஞ்சிய வழி ஒன்றே: படிக்கணினியின் பேரேட்டை முழுதும் நீக்கிவிட்டு முதலிலிருந்து படியெடுத்தல். எம் தரவு முந்நூறு மெகாபைட் அளவினதே யாதலின் மெலிந்த மலையிணைப்பிலும் ஓரிரவில் முடிந்தது.

பெருநிறுவனங்கட்கு அஃது அவ்வளவு எளிதன்று. 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லாப் என்னும் நிறுவனத்துக்கு நேர்ந்தது யாவரும் கற்கத்தக்க பாடம். அந்நிறுவனமே ஒளிவின்றி எழுதி வெளியிட்டமையால் உலகம் அதனை அறிந்தது. அன்று அவர்தம் முதற்கணினியின்மேற் பளு மிகுந்தது, படிக்கணினி பின்தங்கிற்று, அதற்கு வேண்டிய நாளேட்டுக் கட்டுக்களை முதற்கணினி நீக்கிவிட்டது. தனி ஆவணச் சேமிப்பும் இல்லை. எமக்கு ஐப்பசியில் நேர்ந்ததே அது, எட்டுணையும் வேறுபாடில்லை. புதிதாகப் படியெடுக்க முயன்றனர். படியெடுக்கும் கருவி ஒன்றும் சொல்லாமல் நின்றது. பழைய கோப்புறை இருப்பதுதான் தடையோ என்று கருதிய பொறியாளர் ஒருவர், நள்ளிரவுக்கு அணித்தான வேளையில், படிக்கணினியிற் செய்வதாக எண்ணி முதற்கணினியின் கோப்புறையை அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. நாடோறும் எடுத்ததாக நம்பிய காப்புப்படிகளும் கருவியின் பதிப்பு மாறுபட்டிருந்தமையால் வெறுமையாயிருந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு தேவைக்கு எடுத்த நிழற்படி ஒன்று தற்செயலாக இருந்தமையால் பிழைத்தனர். இடைப்பட்ட காலத்தில் ஏறிய ஏறத்தாழ ஐயாயிரம் திட்டங்களும் ஐயாயிரம் கருத்துரைகளும் எழுநூறு புதிய பயனர் கணக்குகளும் போயின. அப்பொறியாளரை யாம் குறைகூற மாட்டோம். களைப்புற்ற வேளையில் இரண்டு திரைகளும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதைப் பின்னர் யாமே கண்டோம். படிக்கணினி காப்புப்படி ஆகாது என்பதையும் இடையே ஒரு சொல்லாகச் சொல்லிவைக்கின்றோம்: முதற்கணினியில் ஒருவன் பிழையாக அழித்த வரி, அடுத்த நொடியே படியிலும் அழியும்.

ஐப்பசி இடர் மீளாதிருக்க எம் தோழர் ஒருவர் நல்ல வழி கண்டார். அதுவே இரண்டாம் இடருக்கு வித்தாயிற்று.

ஸ்லாட் என்று ஒன்றுண்டு. 2014-ஆம் ஆண்டின் 9.4-ஆம் பதிப்பில் வந்தது. சுவடியில் எதுவரை படித்தோம் என்பதற்கு இடும் அடையாளக் கயிறு போன்றது. முதற்கணினி படிக்கணினியின் பெயரால் ஒரு கயிறு இட்டு வைக்கும். படிக்கணினி வாங்கிக்கொள்ள வாங்கிக்கொள்ளக் கயிறு முன்னே நகரும். கயிற்றுக்குப் பிற்பட்ட கட்டு எதனையும் முதற்கணினி நீக்காது. கம்பி ஒருநாள் அறுந்தாலும் ஒருமாதம் அறுந்தாலும் நீக்காது. ஏட்டை ஆற்றில் விடுமுன் எழுதுவோனைக் கேட்டு விடுவது இதுவே. இதனினும் சிறந்ததொரு முறை உண்டோ என்று மகிழ்ந்தோம்.

கல்வராயன் மலையிற் பிறக்கும் கோமுகி ஆறு அடிவாரத்தில் ஓர் அணையிற் சேர்கின்றது. அணையின் முழு மட்டம் 46 அடி. மலையில் மழை பெய்துகொண்டேயிருக்க மதகை மூடி வைத்தால் யாது நிகழும் என்பதை அங்குள்ள சிறுவரும் சொல்வர். அதனாலேயே மழைக்காலத்தில் நிரம்புமுன்னரே நீரைத் திறந்துவிடுகின்றனர். எம் ஸ்லாட்டு மூடிய மதகாயிற்று. வட்டு அணையாயிற்று. மட்டத்தைப் பார்ப்பார் எவருமில்லை.

டிசம்பர் 22-ஆம் நாள் மாலை கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரி மூடப்பட்டது. வழக்கம்போல் மின்விசை நிறுத்தப்பட, படிக்கணினியும் உறங்கிற்று. அதனை விழித்திருக்கச் செய்யவேண்டும் என்று உரியவரிடம் சொல்லாதது எம் குற்றமே. பண்டிகை முடிந்து யாம் நால்வர் ஆசிரியரோடு மலையேறினோம். முதற்கணினி நன்றாகவே இயங்கிற்று, சொற்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். 31-ஆம் நாள் காலை, தொலைவிலுள்ள சிற்றூரினின்று ஒரு பெரியவர் நடந்தே வந்தார். விதைப்புக் காலத்துச் சொற்களை நன்கு அறிந்தவர் என்று பலரும் சொல்லக் கேட்டு, வருமாறு யாம் வேண்டிக்கொண்டிருந்தோம். அவர் திண்ணையில் அமர்ந்து சொல்லத் தொடங்கிய அரை நாழிகையில் முதற்கணினி நின்றது. வட்டில் இடமில்லை என்பதே அதன் கடைசிச் செய்தி.

யாம் செய்வதறியாது விழித்தோம். பெரியவர் சிறிது பொறுத்து, "பொட்டி படுத்துக்கிச்சின்னா என்ன தம்பி, நோட்டு இல்லையா?" என்றார். நால்வருள் ஒருவரிடமே எழுதுகோல் இருந்தது. அவர் எழுதினார், மற்றையோர் உள்ளே சென்றோம்.

வட்டைப் பார்த்தபோது, நாற்பது கிகாபைட்டை நாளேட்டுக் கட்டுக்களே அடைத்திருந்தன. எம் பேரேடு முந்நூறு மெகாபைட். ஓர் ஆண்டு உழைத்துச் சேர்த்த சொற்களினும் நூறு மடங்கிற்கு மேற்பட்ட நாளேடு ஒன்பது நாளில் எவ்வாறு வந்தது? மூத்த மாணவர் ஒருவர், "இவை பழைய குறிப்புக்கள்தாமே, அழித்துவிடுவோம்" என்று விசைப்பலகையிற் கைவைத்தார். ஆசிரியர், "பொறு, எது என்று தெரியாமல் எதையும் அழிக்காதே" என்று தடுத்தார். அவர் கணினி அறிந்தவரல்லர், சுவடி அறிந்தவர்.

அத்தடையே எம்மைக் காத்தது. பேரேட்டிற் பெயர்க்கப்படாத மாற்றங்கள் அக்கட்டுக்களிலேயே இருந்தன. அவற்றைக் கையால் அழித்திருப்பின் முதற்கணினி மீண்டு எழுந்திராது. வலிந்து எழுப்பும் கருவி ஒன்று உண்டெனினும், அதனால் எழுந்த தரவை நம்புதற்கில்லை. இப்பிழையை உலகெங்கும் பலர் செய்திருக்கின்றனர். முன்பு நாளேட்டுக் கோப்புறையின் பெயரில் 'லாக்' என்னும் சொல் இருந்தது. அதனைக் கண்டோர் பயனற்ற செய்திக் குறிப்பு என்று எண்ணி அழித்துத் தம் தரவை இழந்தனர். ஆதலின் 2017-ஆம் ஆண்டின் 10-ஆம் பதிப்பில் அப்பெயரையே மாற்றி 'வால்' என்று வைத்தனர். ஒரு சொல்லின் பொருள்மயக்கம் இத்துணைக் கேடு விளைத்ததென்பது தமிழ் மாணவராகிய எமக்குக் குறிக்கத்தக்கதாயிற்று.

ஆசிரியர் சொற்படி, எம் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அதற்கும் வீட்டினின்று மேட்டுப்பாங்கான இடத்துக்கு ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. அவர் முதலிற் கேட்டது, அஞ்சவேண்டியதில்லை என்பதைத் தெளிவிப்பதாயிருந்தது. நாளேட்டுக்கு இடமின்றி நின்ற போஸ்ட்கிரெஸ், ஏற்றோம் என்று சொன்ன எதனையும் இழப்பதில்லை. இடம் கிடைக்கும்வரை கிடக்கும், அவ்வளவே. ஆதலின் முதல் வேலை, நாளேட்டைத் தொடாமல் வேறெதனையேனும் நகர்த்தி இடம் செய்தல். எம் ஒலிப்பதிவுகள் அதே வட்டில் இருந்தன. அவற்றை வெளிவட்டுக்கு மாற்றி, எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னர் நீக்கினோம். அவ்வொலிப்பதிவுகள் தரவுத்தளத்தின் புறத்தே இருந்தமையால் அவற்றுக்குப் படியே இல்லை என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. முதியோரின் குரல் முழுதும் ஒரே வட்டில் இத்தனை நாள் கிடந்திருக்கின்றது.

இரண்டு கிகாபைட் இடம் கிடைத்ததும் முதற்கணினி எழுந்தது. கடைசிச் செக்பாயின்டினின்று நாளேட்டை ஓதித் தன்னைச் சரிசெய்துகொண்டது. உடனே ஸ்லாட்டுக்களின் பட்டியலைப் பார்க்கச் சொன்னார். 'பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்' என்னும் அப்பட்டியலில் எமது கயிறு ஒன்றே இருந்தது. அதனைப் பற்றியிருப்போர் இலர் என்றும், அது டிசம்பர் 22-ஆம் நாள் மாலை நின்ற வரிசையெண்ணிலேயே நிற்கின்றது என்றும் கண்டோம். இன்றைய வரிசையெண்ணினின்று அதனைக் கழித்தால், அடைபட்ட நாளேட்டின் அளவு சரியாக வந்தது. ஆகவே காரணம் ஐயமின்றி விளங்கிற்று.

அவ்வாறு சரியாக வாராதிருந்தால் வேறு இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். ஆவணச் சேமிப்பை இயக்கி வைத்து, சேமிக்கும் கட்டளை பிழைபட்டுக்கொண்டேயிருந்தாலும் கட்டுக்கள் நீங்கா. ஒவ்வொன்றும் சேமிப்பிற் சேரும்வரை முதற்கணினி விடாது. 'வால் கீப் சைஸ்' மிகப் பெரிதாயிருப்பினும் அவ்வாறே.

இனி ஸ்லாட்டை நீக்குவதா, படிக்கணினியை எழுப்பிக் கட்டுக்களை வாங்கிக்கொள்ளச் செய்வதா? எழுப்பின் மதகு திறந்து நீர் வடிந்துவிடும், படியும் பிழைக்கும், அதுவே பொதுவாக நல்லது. ஆயின் கல்லூரி பூட்டியிருந்தது. திறந்தாலும் நாற்பது கிகாபைட் நாளேட்டை மலையிணைப்பில் அனுப்புதல் பல நாள் வேலை. முந்நூறு மெகாபைட் பேரேட்டைப் புதிதாய்ப் படியெடுத்தல் ஓரிரவு வேலை. தரவு பெரிதாயிருந்து நாளேடு சிறிதாயிருப்பின் முடிவு நேர்மாறாகும். எனவே எண்ணிப் பார்த்து நீக்கத் துணிந்தோம். ஸ்லாட்டை நீக்கிச் செக்பாயின்ட் ஒன்றைக் கட்டளையிட்டதும், கட்டுக்கள் தாமே குறைந்தன. எம் கையால் ஒரு கட்டையும் தொடவில்லை.

நூறு மடங்கு நாளேடு வந்த மறைபொருளும் அன்றிரவு வெளிப்பட்டது. முன்னொருவர் எழுதிய அமைப்புக் கோப்பை யாம் பொருளறியாது அப்படியே பெயர்த்திருந்தோம். ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழையே இதுவும். அதில் 'ஆர்க்கைவ் டைம்அவுட்' என்பது முந்நூறு நொடி என்றிருந்தது. கட்டு நிரம்பாவிடினும் ஐந்து நிமிடத்துக்கொருமுறை அதனை மூடிப் புதிய கட்டைத் தொடங்கு என்பது அதன் பொருள். அவ்விடைவேளையில் யாதும் எழுதாதிருப்பின் புதிய கட்டுத் தொடங்காது. ஆயின் கணினி உயிரோடிருக்கின்றது என்று காட்ட, நிமிடத்துக்கொரு வரி எழுதும் சிறு நிரலொன்றை யாமே அமைத்திருந்தோம். ஆகவே ஒவ்வொரு கட்டிலும் ஐந்து வரியே இருந்தன. ஆயினும் ஒவ்வொன்றும் பதினாறு மெகாபைட். ஒருநாளில் 288 கட்டு. அஃது 4,608 மெகாபைட், அதாவது நாலரைக் கிகாபைட். ஒன்பது நாளுக்கு நாற்பதரை. அந்த நிமிட வரியை இத்தனை நாளில் ஒருவரும் படித்ததில்லை.

பின்னர்ச் செய்த திருத்தங்களைச் சுருங்கச் சொல்வோம். 'ஆர்க்கைவ் டைம்அவுட்'டையும் நிமிட வரியையும் நீக்கினோம்; இப்பொழுது நாளொன்றுக்கு நூறு மெகாபைட் நாளேடு சேர்வதும் அரிது. ஸ்லாட்டை மீண்டும் இட்ட பின்னரே படியெடுத்தோம். எடுத்து முடிக்குமுன் ஒரு கட்டும் நழுவாதிருத்தற்கு அவ்வரிசை இன்றியமையாதது. 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்னும் வரம்பை எட்டுக் கிகாபைட் என்று வைத்தோம். 13-ஆம் பதிப்பில் வந்த இவ்வரம்பு, ஒன்றும் சொல்லாவிடில் எல்லையற்றதாகவே இருக்கும். சொல்லிவிட்டால், ஸ்லாட்டு அவ்வளவுக்கு மேல் பிடித்துவைக்க மாட்டாது. வரம்பு கடந்தால் முதற்கணினி படிக்கணினியைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். பட்டியலில் அந்த ஸ்லாட்டு 'இழந்தது' என்று காணும். படியைக் கைவிடுதல் வன்செயலன்றோ என்று எங்களுள் ஒரு வழக்கு நடந்தது. முதற்கணினி நின்றால் ஏற்றவேண்டிய சொல் ஏறாது. படி அழிந்தால் மறுபடியும் எடுக்கலாம் என்பதனால் வரம்பு வைப்பதே தக்கதெனத் தெளிந்தோம். வங்கி முதலிய இடங்களில் இதற்கு வேறு விடை இருக்கலாம். 2025-ஆம் ஆண்டில் வந்த 18-ஆம் பதிப்பில், நெடுநேரம் எவரும் பற்றாத ஸ்லாட்டை அளவால் அன்றிக் காலத்தாற் கைவிடுவிக்கும் அமைப்பும் உண்டு. எம் கணினி 16-ஆம் பதிப்பினது.

வட்டில் ஒன்றுமற்ற கோப்பு ஒன்றையும் இரண்டு கிகாபைட் அளவுக்கு நிரப்பி வைத்திருக்கின்றோம். பழைய மாணவர் கற்பித்த தந்திரம் இது. அடுத்த முறை இடம் முற்றும் அடைபடின், அதனை நீக்கினாற் கணினி எழுந்துவிடும். முதியோரின் குரலை அவசரத்தில் நகர்த்தவேண்டிவராது. அக்குரல்களுக்கும் இப்பொழுது கல்லூரியிலும் வெளிவட்டிலுமாக இரண்டு படிகள் உள.

அன்று பெரியவர் மாலைவரை இருந்து சொன்னவை நாற்பத்தாறு பக்கம் வந்தன. அவற்றைத் தை மாதத்திற் கணினியில் ஏற்றினோம். எழுதிய தோழர் விரைவில் எழுதியமையால் ஏழு சொற்கள் எமக்கு விளங்கவில்லை. ஒலிப்பதிவும் அவ்வேளையில் நின்றிருந்தது. பங்குனியில் மறுபடியும் மலையேறி அவர் வீடு தேடிச் சென்று கேட்டோம். ஐந்தனைத் திருத்திச் சொன்னார். எஞ்சிய இரண்டையும் தாம் அன்று சொன்னதாகவே அவருக்கு நினைவில்லை. அவை இன்றும் எம் தரவில் கேள்விக்குறியோடு இருக்கின்றன, படிக்கணினியிலும் அவ்வாறே.